திரும்பி வந்த நோயும் தீராத அமானிதமும்

மளிகைக் கடைக்காரனுக்குக் கணக்குப் புத்தகமே பெரிய ஆசான். தெலுக் பங்லிமா காராங்கில் உள்ள நம் கடையிலும் ‘555’ என்று அட்டையில் அச்சிட்ட அந்தச் சிறிய கடன் புத்தகங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. வாங்கியவர் பாக்கி முழுவதையும் செலுத்திவிட்டால் அவருடைய பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவோம். கோடு இழுத்த பக்கத்தை மறுபடி திறப்பது எந்தக் கடைக்காரனுக்கும் பிடிக்காது. அப்படி ஒரு பக்கம் நம் வீட்டிலேயே மறுபடி திறந்துகொண்டது. காரணம் மனிதர் அல்லர், ஒரு பூனை.

இதைப் படித்ததும் சில சகோதரர்கள் சிரிக்கலாம். “ஜமாஅத்தில் பேச எத்தனையோ பெரிய விஷயங்கள் இருக்க, பூனையின் சர்க்கரை வியாதியைப் பற்றி எழுத வந்துவிட்டாரே” என்று நினைக்கலாம். நாமும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவர்தாம். ஆனால் இந்தச் சிறிய ஜீவன் நம் முன் வைத்த கேள்வி சிறியதன்று. ஒரு முறை பாடுபட்டுத் தணித்த நோய் திரும்பி வந்தால், நம்முடைய கடமையும் முதலிலிருந்து தொடங்குகிறதா? அல்லது “நம் பங்கை அப்போதே செய்து முடித்துவிட்டோம்” என்று கையைக் கழுவிக்கொள்ளலாமா? இதுவே கேள்வி.

பூனையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் அரிசி மூட்டைகளை எலி கடித்து நாசம் செய்தபோது, பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தார் ஒரு குட்டியைக் கொடுத்தார்கள். ஆரஞ்சு நிறம். அவர்கள் பிள்ளைகள் அதற்கு ‘ஓயென்’ என்று பெயர் வைத்தார்கள். இந்நாட்டில் அந்த நிறத்துப் பூனைக்கெல்லாம் அதுவே செல்லப்பெயர். அதன் பிறகு எலி குறைந்தது; பூனை பெருத்தது. விதையடித்த ஆண் பூனை. பகலெல்லாம் வெங்காய மூட்டை மேல் தூக்கம். வாடிக்கையாளர் வீசும் பிஸ்கோத்து ஒரு பக்கம், சோறும் மீன் குழம்பும் ஒரு பக்கம், நாமே மூட்டையாக வாங்கிச் சில்லறையில் விற்கும் உலர்ந்த பூனைத் தீனி ஒரு பக்கம். “நல்ல கொழுத்த பூனை” என்று வந்தவரெல்லாம் புகழ்ந்தார்கள். நாமும் பெருமைப்பட்டோம்.

பத்து வயதை நெருங்கியபோது அது ஓயாமல் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. அடிக்கடி சிறுநீர் கழித்தது. நிறையத் தின்றும் இளைத்துக்கொண்டே போனது. பின்னங்கால்கள் பலம் குன்றி, குதிகால் தரையில் படிய நடந்தது. கிள்ளானில் ஒரு மிருக வைத்திய அம்மையாரிடம் கொண்டுபோனோம். இரத்தத்தில் சர்க்கரை இருபதுக்கு மேல் இருந்தது. பூனைக்கு அது ஏறத்தாழ நான்கிலிருந்து ஏழுக்குள் இருக்க வேண்டுமாம். “உங்கள் பூனைக்கு நீரிழிவு” என்றார்.

நம் நாட்டில் இந்த வியாதி யாருக்கும் புதிதன்று. 2023-ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. இந்தியரிடையே அது இன்னும் மிகுதி. ஆனால் பூனைக்கும் வரும் என்பது நமக்குத் தெரியாது. அம்மையார் விளக்கினார். பூனைக்கு வருவது பெரும்பாலும் மனிதருக்கு நடுவயதில் வரும் வகையைப் போன்றது. உடல் பருத்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாமற் போகிறது. கணையம் மேலும் மேலும் சுரந்து களைத்துப்போகிறது. இரத்தத்தில் தேங்கிய சர்க்கரையே அந்தக் கணையத்தை மேலும் கெடுக்கிறது. ஆண் பூனை, விதையடித்தது, பருத்தது, வயது ஏறியது: இந்த நான்கும் சேர்ந்தால் ஆபத்து அதிகம். பூனையின் உடல் இறைச்சிக்கென்று படைக்கப்பட்டது. மாவுச் சத்து மிகுந்த தீனி அதற்கு ஏற்றதன்று.

இன்சுலின் ஊசி தொடங்கினோம். பன்னிரண்டு மணிக்கு ஒரு முறை, நாளுக்கு இரண்டு. இந்நாட்டில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உதித்து மறைவதால் தொழுகையே நமக்குக் கடிகாரம் ஆயிற்று. சுபுஹு முடித்துக் கடை திறக்குமுன் ஒன்று. மாலையில் மஃரிபுக்குச் சற்று முன் ஒன்று. உலர்ந்த தீனியை நிறுத்தி, மீனும் கோழியும் சேர்ந்த ஈரத் தீனி கொடுத்தோம். ஐந்தாம் மாதத்தில் ஓர் அதிசயம் போல் நடந்தது. சர்க்கரை இறங்கிக்கொண்டே வந்தது. ஊசியின் அளவையும் குறைத்துக்கொண்டே வந்தோம். கடைசியில் ஊசியே வேண்டாம் என்றாயிற்று. வீட்டில் ஒரு பெருநாள் போல் மகிழ்ச்சி. நம் மனத்துப் புத்தகத்தில் அன்றே கோடு இழுத்துவிட்டோம்.

இங்கேதான் நாம் தவறினோம். அம்மையார் ‘குணம்’ என்ற சொல்லைச் சொல்லவே இல்லை. ‘தணிந்திருக்கிறது’ என்றுதான் சொன்னார். நாம் அதைக் குணம் என்று கேட்டுக்கொண்டோம். ஊசி இல்லாமல் குறைந்தது நான்கு வாரம் சர்க்கரை சரியாக இருந்தால் அதற்குத் தணிவு என்று பெயர். களைத்த கணையம் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டது என்பதே அதன் பொருள். புதுக் கணையம் முளைத்துவிட்டது என்பதன்று. தணிந்த பூனைகளிலும் பலவற்றுக்குச் சர்க்கரையைத் தாங்கும் சக்தி முழுமையாகத் திரும்புவதில்லை. அப்படித் தணிந்தவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரை மறுபடி நோயில் விழுவதாகச் சில ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். “வாரம் ஒரு முறை எடை பாருங்கள், தண்ணீர் குடிப்பதைக் கவனியுங்கள், தீனியை மாற்றாதீர்கள்” என்று அம்மையார் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

முதல் இரண்டு மாதம் கவனித்தோம். பிறகு எடை பார்ப்பது வாரம் ஒன்றிலிருந்து மாதம் ஒன்றாயிற்று. அப்புறம் அதுவும் நின்றது. அரிசியும் பருப்பும் சென் கணக்கில் நிறுக்கும் தராசு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, பூனையைத் தூக்கி அதில் வைக்க நமக்கு நேரம் கிடைக்கவில்லை! ஈரத் தீனி விலை அதிகம் என்று மூட்டைத் தீனி மெல்லத் திரும்பி வந்தது. பிள்ளைகள் பிஸ்கோத்துப் போட்டார்கள். பார்த்தும் பாராதவர் போல் இருந்தோம். ஓராண்டுக்குச் சற்று மேல் ஆனபோது தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் சீக்கிரம் காலியாயிற்று. அது ரமலான் மாதம், கடும் வெயில். “வெயிலுக்குக் குடிக்கிறது” என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். மூன்று வாரம் அப்படியே போயிற்று. பெருநாளுக்குப் பிறகு ஒரு காலை அது வெங்காய மூட்டை மேல் தாவப் பார்த்து, தாவ முடியாமல் கீழே விழுந்தது. எழுந்து குதிகாலை ஊன்றி நடந்தது. அந்த நடையை நாம் முன்பே பார்த்திருக்கிறோம்.

அப்போது நம் மனத்தில் முதலில் எழுந்தது இரக்கம் அன்று, கோபம். உண்மையை மறைக்காமல் எழுதுகிறோம். ஐந்து மாதம் ஒரு நாளும் தவறாமல் ஊசி போட்டோமே, ஊருக்குப் போகாமல் இருந்தோமே, சொந்தக்காரர் கல்யாணத்தைக்கூட விட்டோமே, இத்தனையும் வீணா என்ற கோபம். ஏதோ பணத்தை வாங்கிக்கொண்டு சரக்கைக் கொடுக்காமல் ஏமாற்றிய வியாபாரியைப் பார்ப்பதுபோல் அந்தப் பூனையைப் பார்த்தோம்.

அந்தச் சமயம் கடையில் ஒரு மூதாட்டி நின்றிருந்தார். கேரித் தீவுத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நம் ‘555’ புத்தகத்தில் அவருக்கும் ஒரு பக்கம் உண்டு. பல ஆண்டுகளாக அவரும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். நம் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பாய், இனிமே வரவே வராதுன்னு அது என்ன உங்ககிட்ட கையெழுத்தா போட்டுக் குடுத்துச்சு?”

அந்த ஒரு வார்த்தை நம்மைப் பல நாள் தூங்க விடவில்லை. உண்மைதானே! பூனை நமக்கு எந்த வாக்கும் தரவில்லை. ஊசியின் வலிக்கு ஈடாகக் குணத்தைத் தருகிறேன் என்று அது ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை. வியாபாரம் பேசியதும் நாமே, விலை வைத்ததும் நாமே, ஏமாந்தோம் என்று கூச்சலிடுவதும் நாமே. முதல் முறை நாம் செய்ததை இரக்கம் என்று எண்ணியிருந்தோம். அதில் பாதிதான் இரக்கம். மறுபாதி முதலீடு என்பதைத் திரும்பி வந்த நோய் நமக்குக் காட்டிக் கொடுத்தது.

அடுத்தபடியாக வேறொரு எண்ணம் வந்து வாட்டியது. “இது நம்முடைய அலட்சியத்தால் வந்ததோ?” என்று அம்மையாரிடம் கேட்டோம். அவர் நேர்மையாகப் பதில் சொன்னார். தீனியும் எடையும் காரணமாக இருந்திருக்கலாம். பல்லில் சீழ், சிறுநீர்த் தாரையில் கிருமி, கணைய அழற்சி, வேறு நோய்க்குக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்து, தலையில் உள்ள ஒரு சுரப்பியின் கோளாறு ஆகியவையும் நோயைத் திரும்ப அழைத்து வரும். எல்லாம் சரியாகச் செய்த வீட்டிலும் திரும்பி வருவதுண்டு. “உங்கள் குற்றம் எவ்வளவு என்று என்னால் நிறுத்துச் சொல்ல முடியாது” என்றார்.

இதில் நாம் ஒரு பாடம் கற்றோம். மனிதனுக்கு இந்த இடத்தில் இரண்டு தப்பும் வழிகள் உண்டு. ஒன்று, “இது விதி, நம்மால் ஆவது ஒன்றும் இல்லை” என்று கையைக் கட்டிக்கொள்வது. மற்றொன்று, “எல்லாம் என் குற்றமே” என்று மூலையில் உட்கார்ந்து அழுவது. பார்வைக்கு இரண்டாவது வழி பணிவு போலத் தோன்றும். ஆனால் இரண்டிலும் பூனைக்கு ஊசி விழுவதில்லை! குற்றத்தின் எடை தெரிந்த பிறகுதான் கடமை தொடங்கும் என்றால் எந்தக் கடமையும் தொடங்காது. தவறியதற்கு தௌபா செய்வது ஒரு புறம்; மாலை ஊசிக்கு நேரம் தவறாமல் இருப்பது மறு புறம். முன்னது பின்னதற்குப் பதிலாகாது.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று பார்த்தோம். பூனையைக் கட்டிவைத்துத் தானும் உணவு கொடுக்காமல், தானே இரை தேடிக்கொள்ளவும் விடாமல் சாகடித்த பெண் தண்டிக்கப்பட்டாள் என்ற நபிமொழியை நாம் அனைவரும் மதரஸாவில் கேட்டிருக்கிறோம். அபூகதாதா (ரலி) அவர்கள் தம் ஒளுவுக்கு வைத்த தண்ணீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்த செய்தியும் நமக்குத் தெரியும். நம் பூனையை நாம் கயிற்றால் கட்டவில்லை. கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. ஆனால் மருந்து இல்லாமல் உயிர் வாழ முடியாத ஒரு பிராணிக்குத் திறந்த கதவினால் என்ன பயன்? அதைப் பல ஆண்டுகள் நம் கையை எதிர்பார்க்கப் பழக்கியவர் நாம். அதன் கழுத்தில் உள்ள கயிறு கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் இமாம்களில் ஒருவரான இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் அவர்கள், டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் வாழ்ந்து 1262-இல் மறைந்தவர்கள். தம்முடைய ‘கவாயிதுல் அஹ்காம்’ என்னும் நூலில் மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அதில் நம்மைத் தட்டி எழுப்பும் ஒரு விஷயம் உண்டு. பிராணி முதுமை அடைந்தாலும், இனி அதனால் ஒரு பயனும் கிடைக்காத அளவுக்கு நோயுற்றாலும், அதற்கு வேண்டியதைச் செலவு செய்வது உடையவன் மீது கடமை என்கிறார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. எலி பிடிக்க முடியாத நம் பூனையை மனத்தில் வைத்து எழுதியது போல் இருக்கிறது! இந்நாட்டுச் சட்டமும் இதே திசையில் நிற்கிறது. 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், பிராணியை நோயிலிருந்தும் வேதனையிலிருந்தும் காக்க வேண்டிய பொறுப்பை உடையவர் மீது வைத்திருக்கிறது.

இன்னொரு கடனும் உண்டு. அது நம் வீட்டுக் கடன் அன்று. மனித குலத்தின் கடன். நம் பக்கத்து ஊரின் பெயர் பந்திங். இன்சுலினைக் கண்டவர்களில் முதல்வரான கனடா நாட்டு வைத்தியரின் பெயர் பான்டிங். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள். மற்றபடி சம்பந்தம் ஒன்றும் இல்லை. 1921-ஆம் ஆண்டு கோடையில் டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் பான்டிங்கும் அவர் உதவியாளர் பெஸ்டும் நாய்களின் கணையத்தை அகற்றி, அவற்றுக்கு நீரிழிவை உண்டாக்கி, கணையச் சாற்றைச் செலுத்திப் பார்த்தார்கள். பல நாய்கள் மாண்டன. 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ப்ஸன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது சரியாகப் பலிக்கவில்லை. காலிப் என்பவர் சாற்றைச் சுத்தம் செய்து கொடுத்த பிறகு, சில நாளில் போட்ட ஊசி பலித்தது. பெஸ்ட், காலிப், பான்டிங் மூவரும் அதன் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டாலருக்கே விற்றுவிட்டார்கள். அதன் பிறகு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உலகத்து நீரிழிவுக்காரர்கள் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுத்த மருந்தாலேயே உயிர் வாழ்ந்தார்கள். நாய் உயிர் கொடுத்தது, மாடு கணையம் கொடுத்தது, மனிதன் பிழைத்தான். பிராணிகள் வழியாக நாம் பெற்ற மருந்தில் ஒரு துளியை ஒரு பிராணிக்கே திருப்பிக் கொடுக்கும்போது, அதை ஆடம்பரம் என்று எப்படிச் சொல்வது?

பன்றி என்றதும் சகோதரர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும். மிருக வைத்தியத்தில் பல காலமாக வழங்கும் ‘கேனின்சுலின்’ என்ற மருந்து பன்றியின் இன்சுலினே. அதைக் கையாள நமக்கு மனம் ஒப்பவில்லை. கேட்டபோது அம்மையார் வேறு வழி இருக்கிறது என்றார். மனித இன்சுலினைச் சற்று மாற்றி, கிருமிகளின் மூலம் தயாரிக்கும் ‘கிளார்ஜின்’ என்ற மருந்து பூனைகளுக்கும் நன்றாக வேலை செய்கிறது. அதையே எடுத்துக்கொண்டோம். மாற்று கிடைக்காத இடத்தில் இருக்கும் சகோதரர்கள், வேண்டாம் என்று தாமே முடிவு கட்டிப் பிராணியைச் சாக விடாமல், தங்கள் ஊர் ஆலிம்களைக் கேட்டு நடப்பதே முறை. 1982-இல் மனித இன்சுலின் வருமுன் எத்தனையோ முஸ்லிம்கள் வேறு வழியின்றி அந்தப் பழைய மருந்தால் உயிர் பிழைத்திருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இப்போது இரண்டாம் சுற்று நடக்கிறது. இதே நிலையில் உள்ளவர்களுக்கு உதவட்டும் என்று நாம் கற்றவற்றைச் சொல்கிறோம்.

நோய் திரும்பியது தெரிந்தால் நாள் கடத்தக் கூடாது. உடனே மறுபடி ஊசியைத் தொடங்கினால் இரண்டாம் முறையும் தணிய வாய்ப்பு உண்டு. ஆனால் முதல் முறையைவிடக் குறைவு. சும்மா ஊசியைத் தொடங்கினாலும் போதாது. நோய் ஏன் திரும்பியது என்று பல், சிறுநீர், இரத்தம் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். நம் பூனைக்குக் கடைவாய்ப் பல் ஒன்று அழுகியிருந்தது. அதைப் பிடுங்கிய பிறகே சர்க்கரை கொஞ்சம் வழிக்கு வந்தது.

ஊசியின் அளவு விஷயத்தில் கடைக்காரனின் கண் வேண்டும். மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் என்றும் 100 யூனிட் என்றும் இரண்டு வகை உண்டு. ஊசிக்குழாயும் அதற்கேற்ப இரண்டு வகை. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் குழாயில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். காத்தித் தராசில் கிலோ படிக்கல்லை வைத்து நிறுப்பது போன்ற தவறு இது. வியாபாரத்தில் பணம் போகும். இதில் உயிர் போகும். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால் பூனை தள்ளாடும், வலிப்பு வரும். அப்போது ஈற்றில் தேனைத் தடவிக்கொண்டே வைத்தியரிடம் ஓட வேண்டும். பூனை தீனி தின்னவில்லை என்றால் வைத்தியரைக் கேட்காமல் வழக்கமான அளவு ஊசி போடக் கூடாது. தின்னாமல் வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடந்தால் அது வேறு வகை ஆபத்து. ஒரு நாளும் பொறுக்கக் கூடாது.

“இப்போது வாயால் கொடுக்கும் மருந்து வந்திருக்கிறதாமே?” என்று கேட்கிறார்கள். வந்திருப்பது உண்மை. 2022-இலும் 2023-இலும் அமெரிக்காவில் பூனைகளுக்கென்று அத்தகைய மருந்துகள் இரண்டு அனுமதி பெற்றன. ஆனால் அந்த அனுமதி முன்பு இன்சுலின் போட்டுக்கொள்ளாத பூனைகளுக்கே. நம் ஓயென் போலத் தணிந்து திரும்பியவற்றுக்கு அது பொருந்துவதில்லை. ஆகவே பழைய ஊசிதான் நமக்குத் துணை.

இனி, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தேநீர் குடிக்கையில் நண்பர் ஒருவர் எழுப்பிய ஆட்சேபம். “நானா, ஊரில் எத்தனை ஏழைப் பிள்ளைகள்! பூனைக்குப் போகும் பணத்தை அவர்களுக்கு ஸதகா செய்யக் கூடாதா?” என்றார். கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக் கழிக்க நாம் விரும்பவில்லை.

ஒரு மாத மருந்துச் செலவு நம் வீட்டு மின்சாரக் கட்டணத்துக்கு ஏறத்தாழச் சமம். நாம் நண்பரிடம் கேட்டோம்: “பூனை செத்துப்போனால் அந்தப் பணம் ஏழைப் பிள்ளைக்குப் போய்விடும் என்று நிச்சயமாகச் சொல்வீர்களா? நம்மைப் பற்றி நமக்குத் தெரியும். அது புதுக் கைத்தொலைபேசிக்குப் போகும்.” ஏழையின் பெயரைச் சொல்லிப் பூனையை மறுத்து, பிறகு ஏழைக்கும் கொடுக்காமல் இருப்பது மனத்தின் பழைய தந்திரம். ஸதகாவுக்கு உரிய பணம் பூனைக்குப் போகக் கூடாது என்பதில் நமக்கும் சந்தேகம் இல்லை. எனவே நம்முடைய வெற்றிலைபாக்குச் செலவையும், ஆண்டுக்கொரு முறை போகும் உல்லாசப் பயணத்தையும் நிறுத்தினோம். நம் சௌகரியத்திலிருந்து எடுத்தால்தான் அது நம் கடன். ஏழையின் பங்கிலிருந்து எடுத்தால் அது நம் அநீதி.

நண்பர் யாருக்காக வாதாடினாரோ அவர்களில் ஒருவரான அந்தத் தோட்டத்து மூதாட்டி, பூனைக்கு ஊசி போடுவதை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அரசாங்கக் கிளினிக்கில் மருந்து வாங்கி வருபவர் அவர். கடைக்கு வந்தால் முதலில் கேட்பது, “இன்னைக்கு அது தின்னுச்சா, பாய்?” என்பதைத்தான். நோயின் வருத்தம் நோயாளிக்குத் தெரிகிறது.

ஆனால் எல்லாராலும் இது இயலும் என்று நாம் சொல்ல வரவில்லை. குடும்பத்தைப் பட்டினி போட்டுப் பூனைக்கு மருந்து வாங்கும்படி மார்க்கம் யாரையும் நிர்ப்பந்திக்கவில்லை. சக்திக்கு மேல் சுமை இல்லை. இயலாதவர் வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லி, குறைந்த செலவில் எது முடியுமோ அதைச் செய்யலாம். தீனியைத் திருத்துவதே ஒரு பாதி மருந்து. தாங்க முடியாத வேதனையில் கிடக்கும் பிராணியின் முடிவைப் பற்றிய கேள்வியை ஆலிமிடமும் வைத்தியரிடமும் சேர்த்துக் கேட்க வேண்டும். நம் பூனை அந்த நிலையில் இல்லை. தின்கிறது, உறங்குகிறது, கடைக்கு வரும் பிள்ளைகளின் காலை உரசுகிறது.

ஆனால் ஒன்றை மட்டும் யாரும் செய்யக் கூடாது. நோயுற்ற பூனையைச் சந்தை ஓரத்திலோ செம்பனைத் தோட்டத்தின் வரப்பிலோ இறக்கிவிட்டு, “அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்று வண்டியை ஓட்டிச் செல்வது. இதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். இன்சுலின் நின்ற பூனை அங்கே தாகத்தோடு திரிந்து, தின்ன முடியாமல் சோர்ந்து, சாகும். ‘பார்த்துக்கொள்’ என்று அல்லாஹ் நம் கையில் ஒப்படைத்ததை நாம் அவன் பெயரைச் சொல்லியே தெருவில் போட்டால், அதற்கு தவக்குல் என்று பெயரில்லை.

இதை எழுதும்போது ஓயெனுக்கு இரண்டாம் முறை ஊசி தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. சர்க்கரை பெரும்பாலும் அடக்கமாக இருக்கிறது, ஆனால் தணியவில்லை. இனித் தணியாமலே போகலாம். முன்பு நாம் ஒவ்வொரு ஊசியையும் எண்ணிக்கொண்டே போட்டோம், எப்போது முடியும் என்று. இப்போது எண்ணுவதில்லை. சுபுஹுக்கு நாள் கணக்கு வைத்து யார் தொழுகிறார்? நேற்றுத் தொழுததால் இன்றைக்கு விட்டுவிடலாம் என்று எவரும் சொல்வதில்லை. ஒவ்வொரு விடியலுக்கும் ஒரு கடமை. அதை அந்த விடியலில் செய்ய வேண்டும். பூனையின் ஊசியும் நமக்கு அப்படியே ஆகிவிட்டது. வாரத்துக்கொரு முறை அதைக் கடைத் தராசில் உட்கார வைத்து நிறுத்து, எடையை ஒரு ‘555’ புத்தகத்தில் எழுதுகிறோம். முன்பெல்லாம் அந்தப் பக்கத்தில் கடன்பட்டது பூனை என்று எண்ணியிருந்தோம். இப்போது பெயரைத் திருத்திக்கொண்டோம். கடன்பட்டவர் நாம்.

சகோதரர்களே! பூனையோடு இது முடிந்துபோகவில்லை. திரும்பி வரும் நோய் மனிதருக்கும் உண்டு. படுக்கையில் விழுந்து எழுந்து மறுபடி விழும் தகப்பனார், குடியை விட்டு மறுபடி குடிக்கும் தம்பி, கடனை அடைத்து மறுபடி கடன்படும் மைத்துனர் என்று எத்தனை பேர்! முதல் முறை ஓடி வருகிற நாம் இரண்டாம் முறை “இவருக்கு எவ்வளவுதான் செய்வது?” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். ஒரு பூனையிடம் நாம் கற்ற பாடம் அந்த வாசலிலும் நம் காலை இழுத்துச் செல்ல வேண்டும். முதல் முறை உதவும்போது நன்றியும் வெற்றியும் கூலியாகக் கிடைக்கின்றன. இரண்டாம் முறை அவை கிடைப்பது அரிது. அப்போதும் நீளும் கையே கடமையின் கை. அந்தக் கையை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.